அச்சும் தோட்டாவும்: நெடுந்தூர வேட்டைத் தோட்டாக்களின் வெற்றி தோல்வி வரலாறு

துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'காலிபர்' என்னும் சொல், அரபு மொழியின் 'காலிப்' என்பதிலிருந்து பிறந்தது எனச் சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுவர். காலிப் என்பதற்கு அச்சு, வார்ப்பு என்பன பொருள்களாம். அரபு மொழியில் துப்பாக்கிக்கு வழங்கும் 'புன்துகிய்யா' என்னும் பெயரின் வரலாறும் சுவையானது. 'புன்துக்' என்பது முதலில் ஒருவகைக் கொட்டையைக் குறித்தது. பின்னர் அக்கொட்டையின் அளவில் உருட்டிய களிமண் உண்டையைக் குறித்தது. அவ்வுண்டையை எய்து பறவைகளை வீழ்த்தும் உண்டைவில், அப்பாசிய கலீபா அந்நாஸிர் (ஆட்சி 1180-1225) காலத்தில் பக்தாதின் பெருமக்கள் பயின்ற கலைகளுள் ஒன்றாகத் திகழ்ந்தது. வெடிமருந்தின் ஆற்றலால் உண்டையைச் செலுத்தும் கருவி வந்தபோது பழைய பெயரே அதற்கும் விரிந்தது.

இவ்விரு சொற்களுள் ஒன்று எறியப்படும் பொருளைச் சுட்டுகிறது. மற்றொன்று அப்பொருள் பொருந்த வேண்டிய அச்சைச் சுட்டுகிறது. வில்லின் வலிமைக்கேற்ற எடையும் நீளமும் உடைய அம்பைத் தேர்வதன் இன்றியமையாமையை 14ஆம் நூற்றாண்டு மம்லூக்கிய விற்கலை ஆசிரியர் தைபுகா போன்றோர் வலியுறுத்தினர். எறிபொருளும் எறிகருவியும் ஒன்றுக்கொன்று இசைந்தாலன்றிப் பயன் இல்லை என்பது அக்கலையின் அடிப்படை.

இப்பழைய உண்மை, அமெரிக்க நாட்டின் வேட்டைத் துப்பாக்கிச் சந்தையில் கடந்த எழுபது ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் மெய்ப்பிக்கப்பட்டு வந்துள்ளது. அங்குத் தோட்டா உற்பத்தி பெருந்தொழில். சில ஆண்டுகளுக்கொரு முறை 'முன்னையவற்றினும் தொலைவாகவும் துல்லியமாகவும் சுடுவது' என்னும் அறிவிப்போடு புதிய தோட்டா ஒன்று வெளிவருகிறது. சில நிலைபெறுகின்றன, பல பத்தாண்டுகூடத் தாக்குப்பிடிப்பதில்லை. வென்றது எப்போதும் வலியது அன்று. தோற்றது எப்போதும் குறையுடையது அன்று. அவ்வாறாயின் வெற்றியைத் தீர்மானிப்பது எது என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் வினா.

தோட்டாவின் அமைப்பு

தோட்டா என்பது குண்டு மட்டும் அன்று. பித்தளைக் கூடு, அதனுள் வெடிமருந்து, அடியில் தீப்பொறி எழுப்பும் சிறு மூடி, முனையில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் சுருள்வரிகள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவற்றைப் பற்றிச் செல்லுங்கால் பம்பரம்போல் சுழன்று, தலைகுப்புறாமல் நேராகப் பறக்கிறது.

நெடுந்தூரம் செல்லும் குண்டு காற்றைக் கிழித்துச் செல்ல வேண்டும். அதற்கு அது நீண்டும் ஒல்லியாயும் கூர்நுனி உடையதாயும் இருத்தல் நலம். ஆனால் குண்டு நீள நீள, அதனை நிலைப்படுத்த விரைவான சுழற்சி தேவை. சுருள்வரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வர 12 அங்குலம் ஆகும் குழலைவிட, 8 அங்குலத்தில் சுற்றி முடிக்கும் குழலே நீண்ட குண்டைச் செம்மையாக நிலைநிறுத்தும். மேலும், நீண்ட குண்டைச் செருகிய தோட்டா துப்பாக்கியின் தோட்டாப் பெட்டியினுள் அடங்கவும் வேண்டும். ஆகவே கூடு, குண்டு, சுருள்வரி, பெட்டி ஆகிய நான்கும் ஒத்திசைய வேண்டும். இந்நான்கின் இசைவே பின்வரும் வரலாறு முழுமைக்கும் திறவுகோல் எனலாம்.

1955: ஒரே ஆண்டில் பிறந்த இருவர்

1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இரு பெரும் நிறுவனங்கள் ஒரே விட்டமுள்ள குண்டுகளைக் கொண்ட இரு தோட்டாக்களை வெளியிட்டன. வின்செஸ்டர் நிறுவனத்தின் தோட்டா '.243 வின்செஸ்டர்' எனவும், ரெமிங்டன் நிறுவனத்தின் தோட்டா '.244 ரெமிங்டன்' எனவும் பெயர்பெற்றன. கூட்டின் கொள்ளளவில் ரெமிங்டனின் தோட்டாவே சற்றுப் பெரிது. ஆற்றலிலும் அது சிறிதும் தாழ்ந்ததன்று.

எனினும் ரெமிங்டன் தன் தோட்டாவைச் சிறு விலங்குகளைச் சுடுவதற்கான இலேசான குண்டுகளுக்கு உரியதாகவே கருதி, 12 அங்குலச் சுற்றுள்ள குழலை அமைத்தது. வின்செஸ்டரோ 10 அங்குலச் சுற்றைத் தேர்ந்து, சிறு விலங்குக்கு 80 கிரெயின், மானுக்கு 100 கிரெயின் என இருவகைக் குண்டுகளையும் வழங்கியது. (ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ 0.065 கிராம், 100 கிரெயின் என்பது 6.5 கிராம்.) ஒரே துப்பாக்கியால் இரு பணிகளும் முடிய வேண்டுமென்று விரும்பிய எளிய வேட்டைக்காரர் .243ஐயே வாங்கினர். ரெமிங்டன் 1963இல் தன் தோட்டாவுக்கு '6 மி.மீ. ரெமிங்டன்' எனப் புதுப்பெயர் சூட்டி, குழலின் சுற்றையும் 9 அங்குலமாக மாற்றியது. தோட்டாவின் கூடு மாறவில்லை. பெயரும் குழலும் மட்டுமே மாறின. ஆயினும் எட்டு ஆண்டுகளில் சந்தை தன் தீர்ப்பை எழுதி முடித்திருந்தது. .243 வின்செஸ்டர் இன்றும் உலகெங்கும் விற்பனையாகிறது, 6 மி.மீ. ரெமிங்டனைப் பழமை விரும்பிகளே போற்றுகின்றனர்.

பெயரின் குழப்பமும் எழுத்தின் வலிமையும்

1925இல் வெளிவந்த '.270 வின்செஸ்டர்', 130 கிரெயின் குண்டை விநாடிக்கு 3,000 அடிக்கும் மேற்பட்ட விரைவில் செலுத்தியது. அக்காலத்தில் அது வியப்புக்குரிய விரைவு. ஜாக் ஓ'கானர் என்னும் வேட்டை எழுத்தாளர் 'அவுட்டோர் லைஃப்' இதழில் பல பத்தாண்டுகள் அதன் சிறப்பை எழுதிவந்தார். தோட்டாவைச் செய்தது தொழிற்சாலை; அதற்கு வாசகரைத் தேடித் தந்தது எழுத்து.

32 ஆண்டுகள் கழித்து, 1957இல் ரெமிங்டன் '.280 ரெமிங்டன்' என்னும் தோட்டாவை வெளியிட்டது. அதன் குண்டு .270இன் குண்டைவிடச் சற்றே பருத்தது. எடைமிகு குண்டுகளையும் ஏற்கவல்லது. ஆனால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் தன் 740ஆம் மாதிரித் துப்பாக்கிக்கும் அது பொருந்த வேண்டுமென ரெமிங்டன் அதன் அழுத்தத்தைக் குறைத்தே நிரப்பியது. தாள்களில் எழுதிய எண்களை ஒப்பிட்டவர்க்குப் புதியது பழையதினும் மேம்பட்டதாகத் தோன்றவில்லை. விற்பனையைத் தூக்கி நிறுத்த 1979இல் அதன் பெயரை '7 மி.மீ. எக்ஸ்பிரஸ் ரெமிங்டன்' என மாற்றினர். அந்நிறுவனமே 1962இல் வெளியிட்ட '7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம்' என்னும் வேறொரு தோட்டா அப்போது பெரும்புகழ் பெற்றிருந்தது. இரு பெயர்களும் ஏறத்தாழ ஒன்றுபோல் ஒலிக்க, ஒன்றுக்குரிய துப்பாக்கியில் மற்றொன்றைச் செருகும் அபாயம் எழுந்தது. சில ஆண்டுகளிலேயே பழைய பெயர் மீண்டது. இழந்த நம்பிக்கை முழுமையாக மீளவில்லை.

பெயர் மாற்றம் எப்போதும் கேடு விளைப்பதன்று. 1892இல் ஜெர்மனியின் மவுசர் நிறுவனம் ஆக்கிய 7×57 தோட்டாவை, இலண்டன் ரிக்பி நிறுவனம் '.275 ரிக்பி' என்னும் பெயரில் ஆங்கிலேயரிடையே பரப்பியது. சம்பாவத் பெண்புலியை வீழ்த்திய ஜிம் கார்பெட்டுக்கு 1907இல் பரிசாக அளிக்கப்பட்ட துப்பாக்கி அத்தோட்டாவுக்குரியதே. அங்குப் பெயர் தெளிவைத் தந்தது. இங்குக் குழப்பத்தைத் தந்தது. வேறுபாடு அவ்வளவே.

வலிமைப் போட்டி

பெரிய கூடு, மிகுந்த மருந்து, மிகுந்த விரைவு என்னும் நெறியில் 'மேக்னம்' என்னும் பட்டம் தாங்கிய தோட்டாக்கள் தோன்றின. 1958இல் வந்த '.264 வின்செஸ்டர் மேக்னம்' மிக விரைவானது. ஆனால் அதன் மருந்து எரியும் வெப்பம் குழலை விரைவில் தேய்க்கிறது என்னும் பெயரும் உடன் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம், பெரிய விலங்குகளுக்கும் ஏற்ற கனமான குண்டுகளோடும் விலை மிகாத புதிய 700ஆம் மாதிரித் துப்பாக்கியோடும் சந்தைக்கு வந்தமையால் அதனை முந்தியது. 1955இன் படிப்பினையை ரெமிங்டன் கற்றுக்கொண்டது போலும்.

2001 முதல் வின்செஸ்டர், குறுகிப் பருத்த கூடுகளைக் கொண்ட தோட்டா வரிசை ஒன்றை வெளியிட்டது. சிறிய துப்பாக்கியில் பெரிய ஆற்றல் என்பது அதன் வாக்குறுதி. அவற்றுள் '.300 டபிள்யு.எஸ்.எம்.' நிலைபெற்றது. அதனினும் குறுகிய கூடுகளோடு 2003இல் தொடங்கிய 'சூப்பர் ஷார்ட் மேக்னம்' வரிசை சில ஆண்டுகளிலேயே மங்கியது. மிகப் பருத்த கூடுகள் பெட்டியிலிருந்து குழலுக்குள் வழுவழுப்பாக ஏறுவதில்லை. பெட்டியில் அடங்குபவையும் குறைவு. காகிதத்தில் வென்ற வடிவம் கருவியில் இடறியது.

கிரீட்மூர்: புதுமையன்று, பொருத்தம்

21ஆம் நூற்றாண்டின் மாபெரும் வெற்றித் தோட்டா '6.5 கிரீட்மூர்' என்பதில் ஐயமில்லை. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஹார்னடி நிறுவனம் 2007இல் இதனை அறிமுகப்படுத்தியது. கிரீட்மூர் என்பது நியூயார்க்கின் லாங் தீவிலிருந்த பழைய சுடுதளத்தின் பெயர். அங்கு 1874இல் அயர்லாந்து, அமெரிக்க அணிகள் 800, 900, 1,000 கஜத் தொலைவுகளில் மோதின. அமெரிக்கர் 934க்கு 931 என்னும் புள்ளிக்கணக்கில் வென்றனர். நெடுந்தூரச் சுடுகலையின் நினைவைத் தாங்கிய அப்பெயரே பாதி விளம்பரமாக அமைந்தது.

ஆற்றலை மட்டும் நோக்கின் இத்தோட்டாவில் பெரும்புதுமை இல்லை. சுவீடனும் நார்வேயும் 1894இல் ஏற்ற 6.5×55 இராணுவத் தோட்டா, அதே விட்டமுள்ள நீண்ட குண்டை ஏறத்தாழ 8 அங்குலச் சுற்றுள்ள குழலிலிருந்து செலுத்திற்று. நூறாண்டு முந்திய அறிவு அது. ஆனால் பழைய இராணுவத் துப்பாக்கிகள் மிகுந்த அழுத்தத்தைத் தாங்கா என்னும் அச்சத்தால் அமெரிக்க ஆலைகள் அதனை வலிமை குறைத்தே நிரப்பின. அதன் நீளமும் குறுகிய துப்பாக்கிகளுக்குப் பொருந்தவில்லை. 1997இல் ரெமிங்டன் வெளியிட்ட '.260 ரெமிங்டன்' குறுகிய துப்பாக்கிக்கு ஏற்றதே. எனினும் அதன் கூடு சற்று நீளம். அதில் நீண்ட ஒல்லிக் குண்டைச் செருகினால், ஒன்று பெட்டியில் அடங்காது, அல்லது குண்டு கூட்டினுள் ஆழப் புதைந்து மருந்தின் இடத்தைப் பறிக்கும்.

ஹார்னடியின் பொறியாளர் டேவ் எமரியும் அவருடன் பணியாற்றியோரும் வலிமையிலிருந்து தொடங்கவில்லை. போட்டிகளில் சுடுவோரின் குறைகளிலிருந்து தொடங்கினர். குண்டின் நீளத்தை முதலில் வரையறுத்து, அதற்கு இடம்விடுமாறு கூட்டைக் குறுக்கினர். 8 அங்குலச் சுற்றைத் தொடக்கத்திலேயே விதியாக்கினர். 140 கிரெயின் அளவிலான குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 2,700 அடி விரைவு பெற்றாற் போதுமென அமைந்தனர். அதனால் தோளை உதைக்கும் விசை குறைந்தது, குழலும் நீடித்தது. கடையில் வாங்கும் தோட்டாவே போட்டித் தரத்தில் கிடைத்தது. தாமே நிரப்பிக்கொள்வோருக்காக மருந்தின் அளவைப் பெட்டியின் மீதே அச்சிட்டனர். தொழில் மறையைத் திறந்து காட்டியது நம்பிக்கையை வளர்த்தது.

இதன் கூடு, ஹார்னடி அதே காலத்தில் தாம்சன்/சென்டர் நிறுவனத்திற்காக ஆக்கிய '.30 டி.சி.' என்னும் தோட்டாவின் கூட்டிலிருந்து பிறந்தது. அத்தோட்டா சந்தையில் தோற்று மறைந்தது. அதன் வழித்தோன்றலோ சந்தையை ஆண்டது. கிரீட்மூரின் வெற்றியும் ஒருநாளில் வந்ததன்று. முதற் சில ஆண்டுகள் போட்டிச் சுடுநரிடையே மட்டும் வழங்கியது; துப்பாக்கி உற்பத்தியாளர் ஒருவர்பின் ஒருவராக அதனை ஏற்றபின்னரே வேட்டைக்காரரிடம் பரவியது. 2018இல் அமெரிக்கச் சிறப்புப் படைப்பிரிவு தன் குறிசுடுநருக்கு அதனைத் தெரிவுசெய்தது.

அண்மைக்காலத் தோட்டாக்கள்

கிரீட்மூர் வகுத்த நெறியே அடுத்தவற்றிற்கு இலக்கணம் ஆயிற்று. ஹார்னடி 2018இல் '6.5 பி.ஆர்.சி.'யையும் 2022இல் '7 மி.மீ. பி.ஆர்.சி.'யையும் வெளியிட்டது. முன்னதன் கூடு, 2008இல் தோன்றி வாடிய '.300 ரூகர் காம்பாக்ட் மேக்னம்' என்பதன் வழிவந்தது. தோற்ற தோட்டாவின் கூட்டிலிருந்து வெற்றி பிறந்தது இங்கு இரண்டாம் முறை.

7 மி.மீ. பி.ஆர்.சி.யை அறுபது ஆண்டு மூத்த 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னத்தோடு ஒப்பிடின் செய்தி தெளிவாகும். குண்டின் விட்டம் ஒன்றே; விரைவில் பெருவேறுபாடு இல்லை. 175 கிரெயின் குண்டு விநாடிக்கு 3,000 அடி என்பதே புதியதன் அளவு. ஆனால் பழையதற்கு 9.5 அங்குலத்தை ஒட்டிய சுற்று. புதியதற்கு 8 அங்குலம். இன்றைய நீண்ட குண்டுகளைப் பழைய குழல்கள் பலவும் செம்மையாக நிலைநிறுத்தா. புதியது அவற்றிற்கென்றே வகுக்கப்பட்டது.

வின்செஸ்டரும் பிரவுனிங்கும் 2021இல் வெளியிட்ட '6.8 வெஸ்டர்ன்' இதே சிந்தனையை .270இன் விட்டத்திற்குக் கொணர்ந்தது. 10 அங்குலச் சுற்றுள்ள பழைய .270 ஏற்காத 165, 175 கிரெயின் நீண்ட குண்டுகளை அது செலுத்தியது. சிந்தனை சரியானதே. ஆயினும் அது வெளிவந்தது பெருந்தொற்றுக் காலத் தோட்டாப் பஞ்சத்தின் நடுவில். ஆலைகள் விற்பனை மிக்க பழைய வகைகளை நிரப்புவதிலேயே முனைந்திருந்தன. அதற்கெனத் துப்பாக்கி செய்யப் பிற உற்பத்தியாளர் பலர் முன்வரவில்லை. அடுத்த ஆண்டே வந்த 7 மி.மீ. பி.ஆர்.சி.யைப் பலரும் ஏற்றனர். 7 மி.மீ. குண்டுகளில் வகைகள் மிகுதி; .270 விட்டத்தில் நெடுந்தூரக் குண்டுகள் சிலவே. இரு தோட்டாக்களின் ஆற்றலை அருகருகே வைத்து நோக்குவோர் இவ்வேறுபாட்டை ஒருபோதும் காணார். அது தோட்டாவின் உள்ளே இல்லை, சுற்றுப்புறத்தில் இருக்கிறது.

2025இல் ஃபெடரல் நிறுவனம் வெளியிட்ட '7 மி.மீ. பேக்கன்ட்ரி' பித்தளையை விடுத்து எஃகுக் கூட்டைக் கைக்கொண்டு, குறுகிய குழலிலேயே மிகுந்த விரைவைத் தருகிறது. கூட்டின் பொருளையே மாற்றிய இம்முயற்சிக்கும் அதே நான்கு அளவுகோல்களே பொருந்தும்.

தொலைவும் பொறுப்பும்

இவ்வளவில் ஆராய்ச்சியை முடித்துவிடின் சந்தையின் கணக்கு மட்டுமே நம் கையில் எஞ்சும். வேட்டையில் மற்றொரு கணக்கும் உண்டு. கிரீட்மூரின் குண்டு 500 கஜத் தொலைவை அடைய அரை விநாடிக்கும் மேலாகிறது. அதற்குள் விலங்கு ஓரடி நகர்ந்துவிடலாம். 200 கஜத்திற்குக் குறி பொருத்திய துப்பாக்கியின் குண்டு, 500 கஜத்தில் ஒரு மீட்டருக்கும் மேல் தாழ்கிறது. மணிக்கு 10 மைல் பக்கக்காற்று அதனை ஓரடிக்கும் மேல் ஒதுக்குகிறது. தூரம் அளக்கும் கருவி தாழ்வைக் கணக்கிட்டுத் தரும். காற்றையும் விலங்கின் அடுத்த அடியையும் எக்கருவியும் முழுமையாக அறிவிப்பதில்லை. பிழைத்த குண்டு இலக்குப் பலகையில் புள்ளியைக் குறைக்கும். காட்டிலோ உயிரைக் குற்றுயிராக்கும். தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் தோற்றுவித்த பூன் அண்ட் கிராக்கெட் கழகமே, கருவியின் எல்லையைச் சோதிக்கும் நோக்கோடு தொலைவிலிருந்து விலங்குகளைச் சுடுவது நேரிய வேட்டை ஆகாது என்னும் நிலைப்பாட்டை மேற்கொண்டுள்ளது.

வேட்டையை அனுமதித்த மார்க்கச் சட்டமும் இதே இடத்தில் நின்று கேள்வி எழுப்பியமை நோக்கத்தக்கது. அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள், எய்த பின் கண்ணுக்கு மறைந்த வேட்டையைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் வினவியதும், தம் அம்பின் அடையாளமன்றி வேறேதும் அதில் இல்லாதபோதே அதனை உண்ணலாம் என விடை பெற்றதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. உயிருள்ளதைக் குறிப்பொருளாக நிறுத்தி எய்து பழகுவதும் தடுக்கப்பட்டுள்ளது. ஈயக்குண்டு பரவலானபின் எழுந்த விவாதமும் அத்தகையதே. குண்டு உடலைத் துளைத்துச் செல்வதால் அவ்வேட்டை ஆகும் என்றார் யமன் நாட்டு இமாம் ஷவ்கானீ (மறைவு 1834). குண்டுக்குக் கூர்முனை இல்லை, விசையாலும் வெப்பத்தாலுமே கொல்கிறது, ஆதலின் ஆகாது என்றார் திமிஷ்கின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (மறைவு 1836). ஒரே தலைமுறையைச் சேர்ந்த இருவரும் முடிவில் வேறுபட்டனர், வினாவில் ஒன்றுபட்டனர். எவ்வளவு தொலைவு சென்றது என்பது அவர்களுடைய வினா அன்று. அவ்வுயிர் எவ்வாறு இறந்தது என்பதே வினா.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிலவும் நம் நாட்டில் இத்தோட்டாக்களுக்கு வேட்டைச் சந்தை இல்லை. ஆயினும் கருவிகளின் வரலாற்றைப் பயில்வோர்க்கு இது நல்ல பாடம். புதியது வெல்வது அது புதியது என்பதால் அன்று. ஏற்கெனவே உள்ள குழல், பெட்டி, ஆலை, கடை, பயன்படுத்துவோரின் தோள் ஆகிய அனைத்தின் அச்சிலும் அது பொருந்துவதால். சந்தை அளக்கவல்லது அப்பொருத்தத்தை மட்டுமே. 500 கஜத்தில் குறி தவறாத தோட்டாவை ஆலை செய்து தந்துவிடும். அந்தத் தொலைவில் விரலை விசையிலிருந்து எடுத்துவிடும் நிதானத்தைச் சுடுபவனே கொண்டுவர வேண்டும். அதற்கு இதுவரை எவரும் அச்சு வார்க்கவில்லை.